எதற்குப் படம் எடுக்கிறீர்கள்?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை. 2019 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. மூன்றாவது மாடியில் அந்தத் தளத்தின் சூப்பர்வைசர் என் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘தங்கைக்குக் காட்டுவதற்காகச் சேலையைப் படம் எடுத்தேன்’ என்று அவரிடம் சற்று முன்னால்தான் சொல்லியிருந்தேன். முதல் படத்தில் சேலை இருந்தது. இரண்டாவதில் தீயணைப்புக் கருவி. மூன்றாவதில் மாடிப்படியை அடைத்து அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள். நான்காவதில் பெண்கள் கழிப்பறையின் கதவு. அந்தப் படத்தை என் பக்கம் திருப்பி, “உங்கள் தங்கை இதையா கேட்டார், மேடம்?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

நான் மிஸ்டரி ஷாப்பர். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடைகளின் தலைமை அலுவலகம், தன் கிளைகள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தை அமர்த்தும். அந்த நிறுவனம் என்னைப் போன்றவர்களை வாடிக்கையாளராக அனுப்பும். போய், ஏதாவது வாங்கி, வணக்கம் சொன்னார்களா, விலைச்சீட்டு ஒட்டியிருந்ததா, கேட்காமலே பில் கொடுத்தார்களா, கழிப்பறை சுத்தமாக இருந்ததா, அவசர வழி திறந்திருந்ததா என்று நாற்பது ஐம்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி மறுநாளுக்குள் அனுப்ப வேண்டும். நான் யார் என்று கடையில் எவருக்கும் தெரியக்கூடாது. ஆனால் எழுதியதற்குச் சாட்சியாகப் படம் வேண்டும். யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும், எல்லோர் கண்ணெதிரிலும் செல்போனைத் தூக்கவும் வேண்டும். இந்த வேலையின் கஷ்டம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அன்றைக்கு என்னைக் கேஷ் கவுண்டருக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் உட்காரவைத்தார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். செல்போனை மட்டும் தரவில்லை. ஆய்வு நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டலாம் என்றால், அதுவும் அந்தச் செல்போனுக்குள்தான் மின்னஞ்சலாகக் கிடந்தது. கெஞ்சி வாங்கித் திறந்து காட்டினேன். ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம். அடியில் இருந்த எண்ணுக்கு அவரே அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மணி அடித்து ஓய்ந்தது. நாற்பது நிமிடம் கழித்துத்தான் அந்தப் பக்கத்திலிருந்து திரும்ப அழைத்தார்கள்.

அந்த நாற்பது நிமிடத்தில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் பேசப் பேசக் கோபம் கரைந்துவிட்டது. புதிதாக வந்த சேலைகளை யாரோ படம் எடுத்துப் போய், அதே டிசைன் பத்தே நாளில் வேறொரு கடையில் தொங்கியதாம். இன்னொருவன் எஸ்கலேட்டரில் கீழே நின்றுகொண்டு, மேலே போகும் பெண்களைப் படம் எடுத்தானாம். “நீங்கள் என் இடத்தில் இருந்தால் விடுவீர்களா, மேடம்?” என்று கேட்டார். விட்டிருக்க மாட்டேன். அந்த மாடியில் தன் வேலையை மிகச் சரியாகச் செய்தவர் அவர்தான். அடையாளம் வெளிப்பட்டுவிட்டதால் அந்த வருகை செல்லாமல் போனது. 450 ரூபாய் ஊதியமும் வரவில்லை. ஆனாலும் அவருடைய விழிப்பைப் பற்றித் தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்பினேன்.

படங்களை அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டுக் கீழே இறங்கும்போது, படித்திருப்பத்தில் சேலைப் பிரிவுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. பேரையூர்ப் பக்கத்து ஊர், கடை விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். சேலையை விரித்துக் காட்டியபோது அந்த முதல் படத்தின் ஓரத்தில் அவள் முகம் பாதி விழுந்திருந்தது. “அக்கா, நான் இருக்கிற போட்டோவையும் அழித்துவிட்டீர்களா?” என்றாள். அழித்துவிட்டேன் என்றேன். “வாட்ஸ்அப்பில் யாராவது போட்டு எங்கள் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தால், அடுத்த நாளே வீட்டுக்கு வரச் சொல்லிவிடுவார் அக்கா.” செல்போனை அவளிடம் கொடுத்து அவளையே பார்க்கச் சொன்னேன். கேலரியைப் பார்த்தாள். பிறகு, அழித்த படங்கள் முப்பது நாள் தங்கியிருக்கும் குப்பைத்தொட்டியையும் தானாகவே திறந்து பார்த்தாள். அந்தப் படம் அங்கே இருந்தது. நானும் சூப்பர்வைசரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் விரலாலேயே அதை அழித்தாள்.

சந்தேகம் என்பதை நான் அதுவரை எனக்கு வரும் இடைஞ்சல் என்றுதான் நினைத்திருந்தேன். அவளைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. என் படம் என் ரிப்போர்ட்டுக்குப் போகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எதிரில் நிற்பவருக்கு, தன்னைப் பற்றிய ஏதோ ஒன்றை அந்நியர் ஒருவர் எடுத்துக்கொண்டு போகிறார் என்பது மட்டும்தான் தெரியும்.

இதற்கும் முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதைவிடப் பெரிய பாடம் ஒன்று கிடைத்தது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்துப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்து அடித்தே கொன்றுவிட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தி ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த காலம். அடுத்த மாதம் நான் உசிலம்பட்டியைத் தாண்டி எழுமலை சாலையில் ஒரு கிராமத்துக்குப் போனேன். பிஸ்கட் கம்பெனியின் ஸ்டாண்டு மளிகைக்கடைகளில் முன்பக்கம் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. இது ரகசிய வருகை கிடையாது. யார், எதற்கு என்று சொல்லிவிட்டே எடுக்கலாம். கடைக்கார அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். ஆனால் அவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

மணி நாலேகால். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தேன்மிட்டாய்க்கும் ஐஸுக்கும் கடை முன்னால் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டுக்கும் என் கேமராவுக்கும் நடுவில் ஆறேழு தலைகள். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஊர் பேர் தெரியாத ஒருத்தி பிள்ளைகளைப் படம் எடுக்கிறாள். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. கண்ணாடி வளையல் தோலில் அழுந்தியது. திரும்பிப் பார்ப்பதற்குள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். “எந்த ஊரம்மா நீ? யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய்?”

நம் பக்கத்துக் கிராமங்களில் அந்நியர் எவருக்கும் முதல் கேள்வி இதுதான். இன்னார் வீட்டுக்கு என்று சொல்ல ஒரு பெயர் இருந்துவிட்டால் மீதியை ஊரே பார்த்துக்கொள்ளும். என்னிடம் அந்தப் பெயர் இல்லை. ‘சர்வே’ என்றேன், அந்தச் சொல் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து “நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்று சொன்னதால் பிழைத்தேன். ஒரு பெரியவர், “தாயி, படத்தைக் காட்டு” என்றார். காட்டினேன். பிள்ளைகள் விழுந்திருந்த இரண்டையும் அவர் முன்னாலேயே அழித்தேன். கையைப் பிடித்திருந்த அம்மா கடைசியாகத்தான் விட்டார். “பிள்ளை பெற்றவர்கள் பயப்படத்தான் செய்வோம்” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

அதிலிருந்து கிராமத்துக் கடைகளுக்குக் காலை பதினொரு மணிவாக்கில்தான் போகிறேன். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், அண்ணாச்சிக்கும் பேச நேரம் இருக்கும். போகும் முன்பே அந்தப் பகுதிக் கடைகளுக்குச் சரக்குப் போடும் ஏஜென்சி எது, அவர்களுடைய லைன் வண்டி என்றைக்கு வரும் என்று விசாரித்துக்கொள்கிறேன். ‘உசிலம்பட்டி ஏஜென்சியில் கேட்டுப் பாருங்கள்’ என்றால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஏஜென்சி அவர்களுக்குத் தெரிந்த இடம். சென்னையில் இருக்கும் ஆய்வு நிறுவனத்தின் பெயருக்கு அங்கே மதிப்பில்லை. கடைக்காரரிடம் சொல்லும்போது, பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறேன். 2024 மார்ச்சில் அதே பிள்ளை பிடிக்கும் வதந்தி மறுபடி கிளம்பியபோது, அந்த மாதத்துக் கிராம வேலைகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எந்தக் கடைக்காரர் எதற்குப் பயப்படுவார் என்று தெரிந்துகொண்டு போவது பாதி வேலையைக் குறைக்கும். மளிகைக்கடையில் படம் எடுத்தால், பிளாஸ்டிக் பைக்கு அபராதம் போட மாநகராட்சியிலிருந்து வந்தவர் என்று நினைப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. பெட்டிக்கடை என்றால் குட்கா சோதனை. மொத்த வியாபாரம் நடக்கும் கீழமாசி வீதியில் ஜி.எஸ்.டி. பயம். உணவகங்களில் வேறு மாதிரி. சாப்பாட்டில் புழு கிடந்தது என்று படம் காட்டிப் பணம் பறிக்கிறவர்களும், போலி அதிகாரிகளும் இருக்கிறார்கள். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் நோட்டம் பார்க்க வந்த ஆளோ என்று பார்ப்பார்கள். அந்தப் பயத்தை எந்த விளக்கமும் தீர்க்காது. அதனால் நகைக்கடைக்குள் நான் படமே எடுப்பதில்லை. வெளியே பெயர்ப்பலகை, வந்த பிறகு பில், இரண்டே படம் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒப்புக்கொண்டால்தான் போகிறேன்.

இடமும் நேரமும் படத்திலேயே பதிகிற கேமரா செயலியைப் பயன்படுத்தச் சொல்வார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திரையின் அடியில் வரைபடமும் எண்களுமாக ஒரு பட்டை ஓடும். நூறு நாள் வேலையில் வருகைப்பதிவுக்கு இப்படித்தான் இடம் பதியும் படம் எடுக்கிறார்கள், அரசு அலுவலர்கள் களத்துக்கு வந்தாலும் இதே மாதிரிதான் எடுக்கிறார்கள் என்பதால், அந்தப் பட்டையைப் பார்த்த உடனே ‘அதிகாரி’ என்று முடிவு செய்துவிடுவார்கள். இப்போது செல்போனின் சாதாரணக் கேமராவில் இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டே எடுக்கிறேன். இடமும் நேரமும் கோப்புக்குள் பதிந்திருக்கும், திரையில் தெரியாது. ஆய்வு நிறுவனமும் இதை ஏற்றுக்கொண்டது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, செல்போனை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்து, வேறெங்கோ பார்ப்பது போல எடுப்பது. சந்தேகத்தைக் கிளப்ப அதைவிடச் சிறந்த வழி கிடையாது. எடுத்தால் முகத்துக்கு நேராகப் பிடித்து, எல்லோரும் எடுப்பது போல எடுக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. உடனே பைக்குள் வைத்துவிட வேண்டும். பிளாஷ் அணைந்திருக்கிறதா என்று கடைக்கு வெளியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கேஷ் கவுண்டரில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய எல்லோருமே செல்போனை நீட்டுகிறார்கள். கவுண்டர் படம் அந்த நேரத்தில் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உணவகத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தைத் தேடிச் சுவரைச் சுற்றி வராதீர்கள். 14 இலக்க உரிம எண்ணைப் பில்லிலேயே அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. பில் உங்களுடையது, அதை வெளியே வந்து வண்டி சீட்டில் வைத்து எடுத்துக்கொள்ளலாம். பில் தர மறுத்தால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகமுறை. மறுத்தார்கள் என்பதையே ரிப்போர்ட்டில் எழுதுங்கள். கவுண்டரில் நின்று சண்டை போட வேண்டாம்.

பெட்ரோல் பங்கில் பம்புக்குப் பக்கத்தில் செல்போனை எடுப்பதே தவறு. ஆனாலும் மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் படம் எடுத்து வா என்று எனக்கு வேலை வந்திருக்கிறது. திருமங்கலம் சாலையில் ஒரு பங்கில் அப்படி எடுக்கப் போய், பைப்பைப் பிடித்திருந்த தம்பி எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டு, “அக்கா, முதலில் அதை உள்ளே வையுங்கள்” என்று அதட்டினான். அவன் சொன்னதுதான் சரி. அதோடு அந்தப் படத்தை நிறுத்திவிட்டேன். பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்து எழுதுகிறேன், லிட்டர் அச்சான பில்லை வாங்குகிறேன். காற்று இலவசமா, குடிநீர் இருக்கிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா என்ற படங்களைப் பம்புகளை விட்டு விலகிப் போய் எடுக்கிறேன். அளவில் சந்தேகம் என்றால் ஐந்து லிட்டர் அளவைக் குடுவையில் அளந்து காட்டச் சொல்லிக் கேட்க எந்த வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. அதற்குப் படம் தேவையே இல்லை.

துணி மாற்றும் அறைக்குள் கேமராவைத் திறக்கவே கூடாது. கண்ணாடி உடைந்திருந்தாலும், குப்பை கிடந்தாலும், அறை காலியாகவே இருந்தாலும். பெண்ணை அந்தரங்க நிலையில் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவும் இருக்கிறது. அறை காலியாக இருந்தது என்று பிறகு யாரிடம் நிரூபிப்பீர்கள்? அன்றைக்கு நான் கழிப்பறைக் கதவை வெளியிலிருந்துதான் எடுத்தேன். அதற்கே அந்த நிலைமை.

பொய்யைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரகசிய வருகையில் நான் யார் என்பதைச் சொல்லாமல் இருக்கிறேன். அது வேலையின் நிபந்தனை. அதற்கு மேல் தங்கை, அண்ணி, கல்யாணம் என்று கதை கட்டினால் அடுத்த கேள்வியிலேயே அறுந்துவிடும். இப்போது எனக்கு உண்மையாகவே தேவைப்படும் பொருளைத்தான் வாங்கப் போகிறேன். துண்டு வாங்கப் போனால் துண்டு எனக்கு வேண்டும். யாராவது கேட்டால், “ஒப்பிட்டுப் பார்க்கக் குறித்துக்கொள்கிறேன், வேண்டாம் என்றால் எடுக்கவில்லை” என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை. வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுவேன். அழிக்கச் சொன்னால் குப்பைத்தொட்டி வரை போய் அழித்துக் காட்டுவேன். செல்போனைப் பிடுங்க அவர்களுக்கு அதிகாரம் இல்லைதான். ஆனால் அதை மாடி நடுவில் நின்று வாதாடுவதைவிட, “மேனேஜரிடம் போகலாம்” என்று நாமே முன்னால் நடப்பது நல்லது. மேனேஜரிடம் போன பிறகு எதையும் மறைக்கக்கூடாது. கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் கடிதம் இப்போது என் பையில் காகிதமாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எந்தக் கடை, எந்தத் தேதிகளுக்குள், என்னென்ன படம், தொடர்புக்கு யார் என்று அதில் இருக்கும். கிளம்பும் முன் அந்த எண்ணுக்கு நானே ஒருமுறை அழைத்துப் பார்க்கிறேன். எடுக்கவில்லை என்றால் அன்றைக்குப் போவதில்லை. கடிதம் தராத நிறுவனத்துக்கு வேலை செய்யாதீர்கள். சேருவதற்கே பதிவுக் கட்டணம் கேட்கிறவர்கள் நேரான ஏமாற்றுக்காரர்கள். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு தம்பி 1,500 ரூபாய் கட்டிவிட்டேன் அக்கா என்று சொன்னது இன்னும் மனதை அரிக்கிறது.

ரிப்போர்ட் படிவம் ஒன்றில், ‘ஊழியர் உட்கார்ந்திருந்தாரா?’ என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் மதிப்பெண் குறையும், படம் வேறு கேட்பார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. பகல் முழுவதும் நின்று கால் வீங்கிய பெண் ஐந்து நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்ததை நான் படம் எடுத்து அனுப்ப வேண்டுமா? அந்தக் கேள்விக்கு எதிரே ஒவ்வொரு முறையும் சட்டத் திருத்தத்தைக் குறிப்பிட்டு எழுதினேன். ஒன்றரை ஆண்டு கழித்துக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். கடையில் சந்தேகப்படுகிறவர்களைச் சமாளிப்பது எப்படி என்று மட்டும் கற்றுக்கொண்டால் போதாது, நமக்கு வேலை தருகிறவர்களிடமும் பேச வேண்டும் என்று அதற்குப் பிறகு பிடிவாதமாகவே இருக்கிறேன்.

போன ஆடித் தள்ளுபடியில் காளவாசல் பக்கம் ஒரு செருப்புக்கடைக்குப் போனேன். பெயர் அட்டை தெரியும்படி ஊழியரின் படம் ஒன்று வேண்டும் என்றிருந்தது. செல்போனை எடுத்ததுமே, எனக்குச் செருப்பை மாட்டிவிடக் குனிந்திருந்த பெண் நிமிர்ந்து, இடது உள்ளங்கையால் பெயர் அட்டையை மூடிக்கொண்டாள். பேசவில்லை. நானும் பேசவில்லை, செல்போனைப் பையில் வைத்துவிட்டு இன்னொரு சைஸ் கேட்டேன். கையை எடுத்துவிட்டு எழுந்து போய்க் கொண்டுவந்தாள். சிரித்த முகமாக நடந்துகொண்டாள், பில்லைக் கேட்காமலே கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் எழுதினேன். படத்துக்கான கட்டத்தில், ‘இணைக்கப்படவில்லை. ஊழியர் விரும்பவில்லை. அது அவர் உரிமை’ என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. படம் இல்லாததால் ஊதியத்தில் 100 ரூபாய் கழிக்கப்படும் என்றிருந்தது. கழித்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினேன்.